வேலணைக்குப் போடாத புள்ளி

போன கிழமை ஆய்வுகூடத்துப் பிள்ளைகள் நீங்கள் மூன்று பேரும் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியோடு என் வீட்டுப் படலையைத் தள்ளித் திறந்து ஓடி வந்தீர்கள். குப்பிக்குள் ஐந்து தரைவண்டுகள். எள்ளைவிடச் சற்றுப் பெரியவை. கடும் மண்ணிறம், முதுகின் கடைசியில் இரண்டு மங்கல் பொட்டு. வேலணைக் கடற்கரையில் பிடித்தோம், நீங்கள் எழுதிய பழைய கட்டுரையின் வரைபடத்தில் வேலணைக்குப் புள்ளியே இல்லை, இந்த இனம் எங்கெங்கே வாழ்கிறது என்ற பரம்பலைத் திருத்தி எழுதப் போகிறோம் என்றீர்கள். நான் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, முதலில் தேத்தண்ணி குடியுங்கள் என்று சொல்லிக் குசினிக்குள் போய்விட்டேன். கிழவிக்குப் பொறாமை என்று திரும்பிப் போகும் வழியில் நீங்கள் பேசியிருப்பீர்கள். பேசாமல் இருந்திருந்தால்தான் எனக்குக் கவலை.

பொறாமை இல்லை. அந்த இடத்துக்கு ஏன் புள்ளி போடவில்லை என்பது எனக்குத் தெரியும். வாயால் சொன்னால் நான் பாதை மாறி எங்கெங்கோ போவேன் என்பதால் எழுதித் தருகிறேன். உங்கள் கட்டுரையை அனுப்புமுன் வாசியுங்கள். அவசரம் உங்களுக்கு, எனக்கு ஓய்வூதியம் வருகிறது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் பட்டணத்தில் ஒரு விலங்கியல் ஆய்வுகூடத்தில் உதவியாளர். வீடு தீவுப்பக்கம், வேலணையில். காலையில் பஸ்ஸில் கடற்பாலம் தாண்டிப் போய், பின்னேரம் அதே பாதையால் வருவேன். பஸ் ஓடாத நாட்களும் இருந்தன. அப்போது வீட்டில் இருந்துகொண்டே வேலை செய்யலாம் என்று எங்கள் துறைத் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் பெயரைச் சொல்லமாட்டேன், பெயர் போடுவது அவருக்குப் பிடிக்காது. பெரியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். "உம்மட ஊரிலயும் பூச்சி இருக்கும்தானே? நாலு பால்மா ரின்னை மண்ணுக்குள்ள தாட்டு வையும். விழுகிறதை எடுத்து வாரும்" என்றார். அப்படித்தான் நான் சேகரிப்பாளர் ஆனேன்.

வாய் மண்ணோடு மட்டமாக இருக்க அந்தத் தகர ரின்களைத் தாட்டது பக்கத்து வளவுக் கந்தையா மாமாவின் புகையிலைத் தோட்டத்தில். மாமா எனக்கு உறவு இல்லை, வேலிதான் உறவு. ஆனால் அந்த வேலி வழியாக எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் போகாத சாமான் கிடையாது. ரின் தாட்ட இரண்டாம் கிழமை ஏழு சின்ன வண்டுகள் விழுந்திருந்தன. சேகரிப்பில் இருந்த எதனோடும் அவை ஒத்துப்போகவில்லை. நான் துள்ளினேன், உங்களைப்போல. வண்டோடு வைக்கும் சீட்டில் இப்படி எழுதினேன்: வேலணை. வாழிடம், புகையிலைத் தோட்டம்.

அந்த இரண்டாவது வசனத்தில்தான் என் பிழை இருக்கிறது. கண்டுபிடித்தீர்களா? நான் அப்போது கண்டுபிடிக்கவில்லை.

பெரியவர் இந்த வண்டுக் குடும்பத்தைத் தவிர உலகில் வேறெதையும் பார்க்காத ஒரு வெளிநாட்டு நிபுணருக்கு அவற்றை அனுப்பினார். சில மாதத்தில் பதில் வந்தது. புதிய இனம். பறக்கும் சிறகு வெறும் துண்டுகளாகச் சுருங்கிவிட்ட, நடந்து மட்டுமே திரியக்கூடிய வண்டு. வேலணையின் பெயரையே அதற்கு வைக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தார்.

இதை நான் மாமாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். சொல்லாமல் இருக்க ஏலுமா? அவருடைய தோட்டம், அவருடைய மண். மனிதர் அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டவர், வங்களாவடிச் சந்தியில் தொடங்கித் தேத்தண்ணிக்கடை, நூல்நிலையம், கோயில் வாசல் எல்லா இடமும் சொல்லி முடித்துவிட்டுத்தான் திரும்பினார். "வெளிநாட்டில எங்கட ஊரின்ர பேரை அச்சடிக்கினம். என்ர தோட்டத்துப் பூச்சிக்கு."

அடுத்த போகத்தில் அவர் தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடிப்பதையும் நிறுத்திவிட்டார். பெயர் பெற்ற வண்டு செத்துப்போகுமாம். வண்டைத் தவிர மற்ற எல்லாப் பூச்சியும் சந்தோசமாக வந்து இறங்கின. இலையெல்லாம் ஓட்டை. மாமியின் சத்தம் எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்தால் நன்றாகக் கேட்கும்.

"இஞ்சருங்கோ, பூச்சிக்குப் பேர் வைக்கிறதுக்காகப் புகையிலையைப் பூச்சிக்குக் குடுக்கிறியளோ?"

"நீ சும்மா இரு. உனக்கு விஞ்ஞானம் விளங்காது."

எனக்கும் விளங்கவில்லை என்பதுதான் கதை. அந்தப் போகத்தில் ரின்களில் ஒரு வண்டுகூட விழவில்லை. மருந்து இல்லை, மண் அதே மண், ரின்னும் அதே ரின். பக்கத்துத் தோட்டங்களிலும் தாட்டேன். எறும்பு விழுந்தது, தேள் விழுந்தது, ஒரு முறை மாமி தேடித் திரிந்த பூட்டுத் திறப்புக்கோர்வை விழுந்தது. வண்டு இல்லை.

இந்த நேரத்தில் நிபுணரின் அடுத்த கடிதம் வந்தது. கட்டுரை அச்சுக்குப் போகிறது, வாழிடம் புகையிலைத் தோட்டம் என்பதை உறுதிப்படுத்துங்கள், இரண்டு கிழமைக்குள் பதில் இல்லாவிட்டால் அப்படியே போட்டுவிடுவேன் என்று இருந்தது. கடிதம் வந்து சேரவே மூன்று கிழமை எடுத்திருந்தது. முத்திரைத் திகதியைப் பார்த்து அவர் கெடுவைக் கணக்கிட்டேன். அவர் சொன்ன நாள் முடிந்தே விட்டது. அச்சுக்கூடம் கொஞ்சம் தாமதமாக இருந்தால் உண்டு.

உங்களுக்குத் தெரியும், ஒரு உயிரினத்தின் பெயர் அச்சில் ஏறிவிட்டால் இறங்காது. ஊர் பிழை, இடம் பிழை என்று பிறகு அழுதாலும் அந்தப் பெயர் அதற்குத்தான். வண்டு உண்மையில் எங்கே வாழ்கிறது என்பது எனக்குத் தெரியாது. ஆனால் உலகம் முழுவதும் என் சீட்டை நம்பித் தோட்டங்களில் தேடப் போகிறது.

மாமாவிடம் போனேன். போன போகத்துக்கும் இந்தப் போகத்துக்கும் தோட்டத்தில் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னார்.

"போன முறை சாதாளை போட்டனான். இந்த முறை ஆட்டுப்பட்டி வைச்சனான்."

சாதாளை என்றால் கடல் கரையில் ஒதுக்கும் பாசியும் தாழைச் சருகும். நம் தீவுத் தோட்டங்களுக்கு அது பழைய பசளை; இந்த முறை அதற்குப் பதிலாக ஆட்டெரு. எனக்கு மண்டையில் ஏதோ தட்டியது.

"எங்க இருந்து ஏத்தினனீங்கள் மாமா?"

மாமா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தோட்டத்தைப் பார்த்தார். "எங்கட கடற்கரையிலதான் பிள்ளை. வேற எங்க?"

அந்த ஒரு கணத்தை நான் கவனித்திருக்க வேண்டும். ஆனால் மனம் எதை விரும்புகிறதோ அதற்குச் சாதகமாகத்தானே காது வேலை செய்யும்? எங்கள் கடற்கரை என்றால் வேலணை; வேலணை என்றால் பெயர் சரி. வாழிடத்தை மட்டும் திருத்தினால் போதும். வீட்டுக்கு வந்து பதில் எழுத உட்கார்ந்தேன். 'வேலணைக் கடற்கரைச் சாதாளை' என்று எழுதிவிட்டுப் பேனையை வைத்தேன். நான் அங்கே அந்த வண்டைக் கண்டேனா? இல்லை. பெரியவர் ஒரு முறை என் சீட்டொன்றைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சொன்னது நினைவு வந்தது: "கண்டதை எழுதும். நினைச்சதை எழுதாதையும்." தோட்டத்தில் பிடித்தேன் என்பதுதான் நான் கண்டது. தோட்டத்தில் வாழ்கிறது என்பது நான் நினைத்தது. அதே பிழையை இரண்டாம் முறை எழுதிக்கொண்டிருந்தேன்.

எழும்பி மாமாவின் தோட்ட மூலைக்குப் போனேன். பழைய சாதாளையின் மிச்சம் அங்கே உக்கிக் கிடந்தது. கையால் கிளறினேன். நீல நைலோன் வலைத்துண்டு வந்தது. பிறகு மீன் செதில், பிறகும் செதில். மாமா சொன்ன கரை சேற்றுக் கரை. அங்கே வலை காயப்போடுபவரும் இல்லை, மீன் வெட்டுபவரும் இல்லை. அது மாமாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கள் தீவில் மீனவர் வலை காயப்போடும் நாரந்தனைப் பக்கத்துக் கரைக்குப் போனேன். அங்கே பிலோமினா அக்கா என்று ஒரு மீன்பிடிக் குடும்பத்துக்காரி கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். அதற்கு முன் அவரை எனக்குத் தெரியாது. அனுப்பாமல் வைத்திருந்த ஒரு வண்டோடு குப்பியை நீட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதையோ தேடி வந்தனீர்? இது எங்கட சாதாளைக்குள்ள கிடக்கிற சனியன். பாயில கருவாடு போட்டா அதில வந்து ஓடும்."

குவிந்து கிடந்த ஒரு சாதாளைக் கும்பியைக் காலால் புரட்டினார். நான் ஒரு வருசமாக ரின் தாட்டுத் தேடிய வண்டு, பத்து, இருபது, முப்பதாக நாலாபக்கமும் ஓடியது. எனக்கு அழுகை வந்தது என்று சொல்ல வெட்கமில்லை. நல்லாக வந்தது.

"என்ன தங்கச்சி, பூச்சிக்கோ அழுகிறீர்?" என்றார் அக்கா. பிறகு அவராகவே சொன்னார். "வேலணைக் கந்தையர் போன மாரி முடிய மூண்டு மாட்டுவண்டில் சாதாளை ஏத்தினவர். அதோட போயிருக்கும்."

ஒரே தீவுதானே, நாரந்தனை என்ன வேலணை என்ன என்று வெளியூர்க்காரர் கேட்பார். நீங்கள் கேட்கமாட்டீர்கள்.

இனி என்ன செய்வது? தந்தி ஒன்றுதான் வழி. பட்டணத்தில் அன்று ஊரடங்கு, பஸ் இல்லை, பெரியவரைக் கேட்கவும் ஏலாது. அவர் அந்த நிபுணருக்குத் தன் சொந்தப் பெயரில் உறுதி சொல்லியிருந்தார். நான் நிறுத்தினால் அவர் முகத்தில் கரி. நிறுத்தாவிட்டால் பொய் அச்சில் ஏறும். கரையில் நின்று யோசித்தேன். பெரியவர் கோபித்தால் பிறகு சமாதானப்படுத்தலாம், அச்சைச் சமாதானப்படுத்த ஏலாது. நேரே வேலணைத் தபாற்கந்தோருக்கு வந்தேன்.

அங்கேதான் என் இரண்டாவது பிழை. ஊர் மானம் சம்பந்தப்பட்ட தந்தியை அந்த ஊர்த் தபாற்கந்தோரில் கொடுக்கக் கூடாது. தபாலதிபர் நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததை இரண்டு தரம் வாசித்தார். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: வேலணை பிழை. பெயரை நிறுத்துக. கடிதம் பின்னால்.

"பிள்ளை, இதைக் கட்டாயம் அனுப்பத்தான் வேணுமோ? எங்கட ஊர் பிழையெண்டெல்லோ எழுதியிருக்கிறீர்."

"ஓம் ஐயா. அனுப்பத்தான் வேணும்."

அனுப்பினார். ஆனால் நான் சைக்கிளை உருட்டி வீட்டுக்கு வருமுன் செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. மாமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அதன்பிறகு ஒரு போகம் முழுவதும் அவர் என்னோடு கதைக்கவில்லை. மாமி மட்டும் வழக்கம்போல வேலிக்கு மேலால் கறிச்சட்டி நீட்டினார். தோட்டத்துக்கு மருந்து அடிக்கத் தொடங்கிவிட்டதில் அவருக்கு மெத்தச் சந்தோசம்.

தந்தி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பெரியவர் கோபிக்கவில்லை. "என்னைக் கேட்டிருந்தா ரெண்டு நாள் யோசிச்சிருப்பன். நல்லகாலம், நீர் கேக்கேல்லை" என்றார். இதை நீங்கள் எல்லாவற்றுக்கும் பாவிக்கக் கூடாது. தலைவரைக் கேட்காமல் செய்யலாம் என்பது இதற்கு அர்த்தமில்லை. காத்திருந்தால் கைவிட்டுப் போய்விடும் என்று தெரிந்தால், அதற்கான பொறுப்பையும் தானே ஏற்கத் துணிந்தால், அப்போது மட்டும்.

நிபுணர் கட்டுரையை நிறுத்திவைத்து, பரம்பலைத் தேடி எழுது என்றார். நான் கரை கரையாகச் சாதாளை புரட்டித் திரிந்தேன். புங்குடுதீவில் மடத்துவெளிப் பக்கம் இருந்தது. நெடுந்தீவில் இருந்தது, அங்கே போன வள்ளத்தில் நான் வாந்தி எடுத்த கதை இங்கே வேண்டாம். நயினாதீவில் இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. அம்மனைக் கும்பிட்டு, அன்னதானம் சாப்பிட்டு, 'தேடினேன், காணவில்லை' என்று எழுதிக்கொண்டு வந்தேன். வேலணைக் கரையிலும் நாலு முறை தேடினேன். மற்ற இடங்களைவிடக் கவனமாகத் தேடினேன், காரணம் உங்களுக்கு விளங்கும். இல்லை.

வரைபடத்தை அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்னால் கந்தையா மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு போகத்துக்குப் பிறகு முதல் முறையாக. கையில் நெருப்புப்பெட்டி. மேசையில் வைத்துத் திறந்தார். நாலு வண்டு, உயிரோடு.

"எங்கட கரையில பிடிச்சனான். வா, காட்டுறன்."

எனக்குச் சந்தோசத்தில் கால் நிலத்தில் படவில்லை. ஊர் பெயர் போனது போகட்டும், ஒரு புள்ளியாவது கிடைத்தால் மாமாவோடு பழையபடி கதைக்கலாமே. பின்னால் போனேன். சேற்றுக் கரையில், தண்ணீர் ஏறாத மேட்டில், பெரிய சாதாளைக் கும்பி ஒன்று இருந்தது. புரட்டினார். வண்டுகள் ஓடின. மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

நான் கும்பியைப் பார்த்தேன். நீல நைலோன். மீன் செதில். கும்பிக்கும் பாதைக்கும் இடையில் வண்டில் சில்லின் தடம் இரண்டு, சேற்றில் ஆழமாக.

"மாமா, இதை எப்ப கொண்டுவந்து கொட்டினனீங்கள்?"

மாமா காலால் ஒரு செதிலைச் சேற்றுக்குள் அமுக்கினார். "பங்குனியில. ரெண்டு வண்டில்" என்றார். பிறகு குரல் உயர்ந்தது. "என்ன பிழை? கடல் எல்லாருக்கும் பொதுதானே? அங்க ஒதுங்கினது இங்க ஒதுங்கியிருக்க ஏலாதோ?"

"ஏலும் மாமா. ஆனா ஒதுங்கேல்லையே. நீங்கள் எல்லோ ஏத்தி வந்தனீங்கள்."

"ஓம். ஏத்தித்தான் வந்தனான். அந்தப் புத்தகத்தில எங்கட ஊரின்ர பேரை நீ வெட்டினனீ. நான் திருப்பி ஒட்டப் பாத்தனான்." பிறகு தணிந்து சொன்னார். "முதல் நாள் நீ கேட்டபோதே நாரந்தனையெண்டு சொல்லியிருக்கலாம். வாய் வரேல்லை பிள்ளை."

ஒரு புள்ளி. பேனை முனையால் ஒரு தொடுகை. போட்டிருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திராது, அந்த மனிதர் சாகும்வரை சந்தோசமாக இருந்திருப்பார். ஆனாலும் நான் போடவில்லை. அதற்குப் பதிலாக ஒரு துண்டுக் கடதாசி எடுத்து, எந்த மாதம், எத்தனை வண்டில், எங்கிருந்து எங்கே என்று அவர் சொல்லச் சொல்ல எழுதி, கையெழுத்து வைக்கச் சொன்னேன்.

"என்னத்துக்கு? பொலிசுக்குக் குடுக்கப் போறியோ?"

"இல்லை மாமா. எப்பவாவது ஆராவது இஞ்ச இந்த வண்டைக் கண்டா, அது எப்பிடி வந்ததெண்டு தெரிய வேணும்."

அது அவருக்குப் பிடித்துவிட்டது. தலைப்பெழுத்து, முழுப்பெயர், தொழில், ஊர் எல்லாம் போட்டுக் காணி உறுதியில் வைப்பதுபோலக் கையெழுத்து வைத்தார். அன்று பின்னேரம் வேலிக்கு மேலால் வந்த கறிச்சட்டியை நீட்டியது மாமாவின் கை.

வண்டுக்குக் கடைசியில் எந்த ஊரின் பெயரும் வரவில்லை. கடல் ஒதுக்குவதில் வாழ்வது என்ற பொருள்பட நிபுணர் பெயர் வைத்தார். பிலோமினா அக்காவுக்குப் போய்ச் சொன்னேன். "பேர் வைச்சா இனிக் கருவாட்டில ஓடாதோ?" என்று கேட்டார்.

பிறகு தொண்ணூறு வந்தது. யுத்தத்தில் தீவை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டோம். வேலணையில் ஆட்கள் இல்லை, வண்டில் இல்லை, ஆட்டுப்பட்டி இல்லை. மாமா பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் பாய் போட்டு இருந்தார். பார்க்கப் போவேன். ஒரு நாள் கேட்டார்.

"பிள்ளை, எங்கட கரையில அதுகள் இன்னும் நிக்குதுகளோ?"

நிற்கும் மாமா என்று சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்த மனிதருக்கு, ஒரு சொல். நான் என் பழக்கத்தில் "தெரியாது மாமா, பாக்கேல்லைத்தானே" என்றேன். அவர் தலையை ஆட்டினார். தொண்ணூற்றைந்தில் நாங்கள் மறுபடியும், பட்டணத்தையும் சேர்த்து, எல்லாவற்றையும் போட்டுவிட்டு நடந்தோம். அந்தப் பாதையில் அவர் உயிர் போய்விட்டது. சீட்டில் பொய் எழுதக் கூடாது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அவர் கேட்டது சீட்டுக்காக இல்லை. அந்த வித்தியாசம் எனக்கு அன்று தெரியாமல் போனதுதான் என் மூன்றாவது பிழை. முதல் இரண்டையும் திருத்திவிட்டேன், இதைத் திருத்த வழியில்லை.

அந்தத் துண்டுக் கடதாசி ஆய்வுகூடத்து மூன்றாம் அலுமாரியில், இந்த இனத்தின் தட்டுக்கு அடியில் இருக்கிறது. நாங்கள் இல்லாத காலத்தில் தட்டில் இருந்த வண்டுகளை எறும்பு தின்றுவிட்டது, கடதாசியைத் தொடவில்லை. போய் எடுத்து வாசியுங்கள். உங்கள் ஐந்து வண்டும் அந்த இரண்டு வண்டிலின் பிள்ளைகளா, அல்லது இடையில் எப்போதாவது அலையோடு தாங்களாக வந்தவையா என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதனால் பரம்பல் விரிந்தது என்று எழுதாதீர்கள். கண்டதை எழுதுங்கள், சந்தேகத்தையும் எழுதுங்கள்.

வேலணையில் இருந்த நாங்கள் எல்லோரும் போனோம். சிலர் திரும்பினோம், பலர் திரும்பவில்லை. அவ்வளவு வருசமும் யாரும் கிளறாத கரையில் இந்த எள்ளளவு சீவன்கள் இருந்திருக்கின்றன என்றால், அன்று உங்கள் குப்பியைப் பார்த்துவிட்டு நான் ஏன் குசினிக்குள் போனேன் என்பது இப்போது விளங்கும். தேத்தண்ணிக்கு இல்லை.

சீட்டை இப்படி எழுதுங்கள். இடம்: வேலணைக் கடற்கரை. பிடித்தவர்கள்: உங்கள் மூவரின் பெயர். பிடித்தது: சாதாளைக் கும்பியில். பின்பக்கத்தில், இடம் இருக்கும், இதையும் எழுதுங்கள்: முன்னர் இக்கரைக்கு நாரந்தனையிலிருந்து இரண்டு வண்டில் சாதாளையோடு கொண்டுவரப்பட்டது. கொண்டுவந்து விட்டவர், வேலணைக் கந்தையா, தோட்டக்காரர்.